பாம்பு அவர்கள் கையில், உரிமம் யார் கையில்?

இடையஞ்சாவடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களோடு உட்கார்ந்திருந்தோம். செம்மண் மேடு, வெயில், சற்றுத் தள்ளி ஆரோவில்லின் அடர்ந்த மரங்கள். சமூகப்பணி படிக்கும் மாணவி ஒருவர் அந்தக் காட்டைக் காட்டி, "இதை யார் வளர்த்தாங்க?" என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர்கள் என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். எங்களுக்கு மோர் கொண்டுவந்த காலனிப் பாட்டி சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கூலிக்குக் குழி வெட்டினது நாங்கதாம்மா. கொடத்துல தண்ணி சொமந்து ஊத்தினதும் நாங்கதான். காடு யாருதுன்னு கேட்டா மட்டும் எங்க பேரு வராது."

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்த மேடு பெரும்பாலும் மொட்டையாக, மழைநீர் அரித்த பள்ளங்களாகக் கிடந்தது. வந்தவர்களின் உழைப்பையும் அறிவையும் நாங்கள் மறுக்கவில்லை. பல பேர் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். ஆனால் குழி வெட்டிய கைகளுக்கு வரலாற்றில் கூலிப் பட்டியல் தவிர வேறு இடம் இல்லை. "மக்கள் பங்கேற்புடன் கூடிய சூழல் பாதுகாப்பு" என்ற சொற்றொடரை எம்.ஏ. வகுப்பில் நாங்கள் பலமுறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். பங்கேற்பது ஒன்று, முடிவெடுப்பது வேறொன்று என்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்தப் பாட்டியைப் போன்றவர்கள்தான்.

அன்று மாணவர்களுக்கு நாங்கள் சொன்ன கதையை இங்கே எழுதுகிறோம். அது நடந்தது இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான். இடையஞ்சாவடியிலிருந்து வடக்கே போனால் மரக்காணம், அதன் உப்பளங்கள், கழுவெளி. இன்னும் வடக்கே, மாமல்லபுரத்தைத் தாண்டினால் வடநெம்மேலி. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இந்த நூறு கிலோமீட்டர் நெடுகிலும் ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் சவுக்குத் தோப்பு ஓரங்களிலும் இருளர் மக்கள் வாழ்கிறார்கள். சில இடங்களில் அவர்களை வில்லியர் என்பார்கள்.

பழங்குடி என்றதும் நம் மாணவர்களுக்கு மலைதான் நினைவுக்கு வருகிறது. நீலகிரியிலும் இருளர்கள் உண்டு. ஆனால் செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் சமவெளியில் வாழும் இருளர்களுக்கு மலையும் இல்லை, பல இடங்களில் காடும் இல்லை. ஊரின் வரைபடத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். நடுவில் ஊர். தள்ளி காலனி. அதையும் தாண்டி, மழை வந்தால் நீர் ஏறும் ஏரி உள்வாயில் ஏழெட்டுக் குடிசைகள். அதுதான் இருளர் குடியிருப்பு. காலனிக்கு அப்பாலும் ஒரு தூரம் இருக்கிறது என்பதை நம் இயக்கங்கள் நெடுநாள் பார்க்கவில்லை. இதை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருளர்களைப் பலர் 'ஜெய் பீம்' படம் வழியாகத்தான் அறிந்தார்கள். 2021இல் வந்த அந்தப் படத்தில் பாதிக்கப்பட்டவர்கள் இருளர்கள். படத்துக்கு அடிப்படையான 1993ஆம் ஆண்டு ராசாகண்ணு வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பம் குறவர் சமூகத்தைச் சேர்ந்தது. இது சின்னத் திருத்தம் இல்லை. இரண்டு சமூகங்களின் வலியை ஒன்றாக்கிவிட்டால் இரண்டின் வரலாறும் மங்கிப்போகும். அதே 1993இல் விழுப்புரம் மாவட்டம் அத்தியூரில் ஓர் இருளர் பெண் காவலர்களால் வன்கொடுமைக்கு ஆளானார். திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி அந்த வழக்கைக் கையில் எடுத்தார். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. திருட்டு எங்கே நடந்தாலும் இருளர் குடிசையைத் தட்டும் வழக்கத்தை எதிர்த்து இந்தப் பகுதியில் எழுந்த முதன்மையான குரல் அதுதான்.

சரி, பாம்புக்கு வருவோம்.

1882இல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்தது. காடுகள் அளக்கப்பட்டு, கல் நடப்பட்டு, 'காப்புக்காடு' ஆயின. அதுவரை தேன், கிழங்கு, மூலிகை, விறகு என்று எடுத்து வாழ்ந்தவர்கள் ஒரே இரவில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். காட்டுக்குள் போவதற்குச் சீட்டு, சேகரித்ததை விற்க ஒப்பந்தக்காரர். காடு மூடப்பட மூடப்பட, இருளர்கள் நிலக்கிழார்களின் தோப்புக் காவலுக்கும் அரிசி ஆலைக்கும் மரம்வெட்டுக்கும் போனார்கள். முன்பணம் வாங்கினார்கள். முன்பணம் தலைமுறைக் கடனானது. செங்கல் சூளையிலும் கரிமூட்டத்திலும் இன்றும் கொத்தடிமைகளாக மீட்கப்படுகிறவர்களில் இருளர்கள் ஏன் இவ்வளவு பேர் என்று கேட்பவர்கள் 1882இலிருந்து படிக்க வேண்டும்.

வயலில் அவர்களுக்கு ஒரு வேலை இருந்தது. எலி பிடிப்பது. வளையைத் தோண்டி எலியை எடுப்பார்கள், எலி சேர்த்துவைத்த நெல்லையும் எடுப்பார்கள். அந்த வளைகளிலேயே பாம்பும் இருக்கும். எந்த வளையில் பாம்பு உள்ளே போனது, எதில் வெளியேறிவிட்டது, உரித்த சட்டை எத்தனை நாள் பழையது, மண்ணில் விழுந்த தடம் எந்தப் பாம்புடையது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அறிவு இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. கையில் ஒரு கடப்பாறை, ஒரு குச்சி, ஒரு துணிப்பை. அவ்வளவுதான் கருவி.

இருபதாம் நூற்றாண்டில் இந்த அறிவுக்கு ஒரு சந்தை வந்தது. பாம்புத் தோல். வெளிநாடுகளில் கைப்பையும் செருப்பும் செய்யத் தோல் வேண்டும். இருளர்கள் பிடித்தார்கள், வியாபாரிகள் வாங்கினார்கள், சென்னையிலிருந்து ஏற்றுமதி ஆனது. பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறை. பாம்புகள் கணக்கில்லாமல் செத்தன. எலிகள் பெருகின. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது.

தடை தேவையானதுதான். இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் தடையின் கணக்கு யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். ஏற்றுமதியாளருக்கு வேறு சரக்கு இருந்தது. வியாபாரிக்கு வேறு கடை இருந்தது. பாம்பு பிடித்தவருக்கு மட்டும் வேறு எதுவும் இல்லை. அதே 1976இல்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஒரு சட்டம் அவர்களை விடுவிப்பதாகச் சொன்னது. மற்றொரு தடை, அவர்கள் கையில் எஞ்சியிருந்த தொழிலையும் மூடி, மறுபடி சூளை வாசலுக்கே அனுப்பியது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்தக் கட்டத்தில்தான் வடநெம்மேலிக் கதை தொடங்குகிறது. சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர், பாம்பைப் பற்றித் தான் கற்றதில் பெரும்பகுதியை இருளர்களிடம் கற்றவர். தோல் வியாபாரம் நின்றபின் அவரும் இருளர்களும் சேர்ந்து யோசித்த வழி, பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுப்பது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. நஞ்சு எடுக்கும் வேலை 1982இல்தான் தொடங்க முடிந்தது. பதிவுக்கும் வேலைக்கும் நடுவே இருந்த அந்த ஆண்டுகளில் சங்கத்தில் சேர்ந்த குடும்பங்கள் என்ன சாப்பிட்டன என்பதை எந்தக் கட்டுரையும் எழுதுவதில்லை.

வேலை நடக்கும் விதத்தை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிப்பது நான்கு வகை: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்று சொல்லப்படுபவை இவைதான். சங்கத்துக்கு வந்த பாம்பை மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். ஏறக்குறைய நான்கு வாரம் வைத்திருந்து, வாரத்துக்கு ஒருமுறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி, காட்டிலோ வயல்வெளியிலோ விட்டுவிடுவார்கள். அடையாளம் எதற்கு? அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் திருப்பி விடுவதற்கு. உறுப்பினர்கள் ஏறக்குறைய 350 பேர். பெண்களும் பிடிக்கிறார்கள். எடுத்த நஞ்சை உலரவைத்துத் தூளாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள்.

அந்தத் தூளிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மாற்று மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. செத்தவர்கள் யார்? நடவுக்குப் போனவர்கள், செருப்பில்லாமல் வரப்பில் நடந்தவர்கள், தரையில் படுத்தவர்கள். நம் மக்கள். மாவட்ட மருத்துவமனையில் ஒரு தலித் விவசாயக் கூலிக்கு ஏறும் மருந்துக் குப்பியின் மறுமுனையில் ஓர் இருளர் நிற்கிறார். ஒடுக்கப்பட்டோர் ஒற்றுமை என்று மேடையில் பேசும்போது நாங்கள் இப்போது இந்தக் குப்பியைத்தான் சொல்கிறோம்.

(ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். ஒரே வகைப் பாம்பின் நஞ்சும் ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டு நஞ்சில் செய்த மருந்து ராஜஸ்தானிலோ வடகிழக்கிலோ அதே அளவு வேலை செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மற்ற மாநிலங்களிலும் இப்படிச் சங்கங்கள் வர வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். இருளர் சங்கத்தின் குறையாக அதைச் சொல்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை.)

2017 சனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் வரவழைத்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது. செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள். எங்களுக்கும் பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் விருது அறிவித்த நாளில் எங்கள் கைப்பேசிகளில் வாழ்த்துப் படங்கள் நிறைந்தபோது ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. இந்தத் தொழிலை நடத்தும் முடிவு யார் கையில் இருக்கிறது?

பாம்பு பிடிக்க ஒவ்வொரு முறையும் வனத்துறையின் அனுமதி வேண்டும். எந்த வகையில் எத்தனை என்ற எண்ணிக்கையும் அந்த அனுமதியில்தான் வரும். சங்கமோ தொழில் வணிகத் துறையின் கீழ் இருக்கிறது. இரண்டு துறைகளுக்கு இடையே கோப்பு நகராமல் நின்றால் பானைகள் காலியாகக் கிடக்கும். மருந்து நிறுவனத்துக்கு அப்போது பற்றாக்குறை பற்றிய செய்தி ஒன்று. இருளர் குடும்பத்துக்கு அடுப்பு எரியாத மாதம். பாம்பு எங்கே எவ்வளவு இருக்கிறது, எந்தப் பருவத்தில் பிடிக்கக் கூடாது என்பதை உலகில் வேறு யாரையும்விட நன்றாக அறிந்தவர்களுக்கு, எத்தனை பிடிக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் மட்டும் இல்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் கொல்லாமல் பிடித்து, திருப்பி விட்ட பிறகும் இல்லை. சமூகமே முன்னின்று நடத்தும் பாதுகாப்புக்கு இந்தியாவின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது. அதிலேயே நிலைமை இதுதான்.

நிலமும் அப்படித்தான். 1986இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் தண்டரையில் மூலிகைத் தோட்டமும் நாட்டு மரக்கன்று நாற்றங்காலும் வளர்த்தது. பெண்களின் மருத்துவ அறிவைக் காப்பாற்ற அவர்களே எடுத்த முயற்சி. அங்கே அது வேர் பிடித்ததற்குக் காரணம், செடி வைக்க ஒரு துண்டு நிலம் கையில் இருந்தது. ஏரி உள்வாயில் குடிசை போட்டிருப்பவர் எந்தச் செடியை வைப்பார்? செங்கல்பட்டுச் சீமையில் நிலம் கேட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலத்துக்காகத் திரண்டபோது காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். பஞ்சமி நிலத்தைக் கேட்க நமக்கு 1892ஆம் ஆண்டு ஆவணமாவது இருக்கிறது. இருளர்களுக்கு அந்தக் காகிதமும் இல்லை.

காகிதம் என்றதும் சான்றிதழைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் தர வேண்டும். நாங்கள் பிள்ளைகளோடு போன ஓர் அலுவலகத்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையனிடம், "நீ இருளன்னா பாம்பு பிடிச்சுக் காட்டு" என்றார்கள். அவன் பாம்பையே பிடித்ததில்லை. அவன் அப்பா செங்கல் சூளையில் வளர்ந்தவர். பாம்பைப் பிடித்தால் வனச்சட்டத்தில் வழக்கு, பிடிக்காவிட்டால் சான்றிதழ் இல்லை. அந்தப் பையன் அந்த ஆண்டு கல்லூரியில் சேரவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே அவர்கள் தங்களுக்கென்று ஒரு கூடுகையை விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மாமல்லபுரம் என்றால் நம்மில் பலருக்கு 2013 ஏப்ரல் 25தான் நினைவுக்கு வரும். அங்கே சித்திரை முழுநிலவு விழா நடந்த நாளில் மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தன. அதே கடற்கரையில் ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு இருளர்கள் கூடுகிறார்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்து, புடவைகளைக் கட்டிக் குடில் போட்டு, மணலில் கன்னியம்மனுக்கு இடம் அமைத்து, விடியற்காலையில் கும்பிடுகிறார்கள். அங்கேயே கல்யாணம் பேசுகிறார்கள், முடிக்கிறார்கள். சூளையில் சிதறிய உறவுகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதும் அங்கேதான். வெளியிலிருந்து யாரும் 'அமைப்பாக்கம்' செய்யாமலே தலைமுறைகளாக நடக்கும் கூட்டம்.

இப்போது மரக்காணத்துக்குத் திரும்புவோம். கழுவெளி பெரிய நன்னீர், உவர்நீர் ஏரி. எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலோடு சேர்கிறது. குளிர்காலத்தில் பறவைகள் ஆயிரமாயிரமாக வருகின்றன. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆக்கிரமிப்பும் இறால் பண்ணைகளும் அரித்துக்கொண்டிருந்த நீர்நிலைக்கு இது நல்ல செய்தி. நாங்கள் வரவேற்றோம். ஆனால் இதே கழுவெளி ஓரத்தில் கையால் துழாவி நண்டும் மீனும் பிடிக்கும் இருளர் பெண்களும், கோரை அறுக்கும், மாடு மேய்க்கும் தலித் குடும்பங்களும் இருக்கிறார்கள். 1976 மறுபடி வராமல் இருக்க வேண்டும் என்றால் சட்டத்தை நாம் படித்தாக வேண்டும்.

வனவிலங்குச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் வருவது அரசின் எண்ண அறிவிப்பு. அதன்பின் 19 முதல் 25 வரையுள்ள பிரிவுகளின்படி மக்களின் உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்துத் தீர்க்க வேண்டும். 21ஆம் பிரிவு, சுற்றியுள்ள ஊர்களில் மக்களின் மொழியில் அறிவிப்பு வெளியிடச் சொல்கிறது. அறிவிப்பு வந்த இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் உரிமை கோர வேண்டும். எழுத்தில்! எழுதப் படிக்கத் தெரியாத ஏரிக்கரைக் குடிசைக்கு அந்த இரண்டு மாதம் என்பது என்ன? பக்கத்தில் படித்த ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் அது கால அவகாசம்.

இன்னொரு வழி 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். சரணாலயத்துக்குள் வரும் வனநிலத்துக்கும் அது பொருந்தும். நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட விளைபொருள்கள் மீதான சமூக உரிமையை அது வெளிப்படையாகவே சொல்கிறது. கோரிக்கையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கு. ஆனால் இங்கே நமக்கு ஒரு முள் இருக்கிறது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். தலித்துகள் 'பிற பாரம்பரிய வனவாசிகள்' என்ற கணக்கில் வருவார்கள். அவர்கள் 75 ஆண்டு, அதாவது மூன்று தலைமுறை வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரே கரையில் ஒரே நண்டைப் பிடிக்கும் இரண்டு பெண்களுக்கு இரண்டு அளவுகோல். இதைக் காட்டி இரண்டு குடியிருப்புகளையும் பிரித்துவிட எவரும் முயலலாம். சேர்ந்தே விண்ணப்பம் எழுத வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

சாட்சிக்குக் காகிதம் மட்டுமே வேண்டும் என்பதில்லை. அந்தச் சட்டத்தின் விதிகளில் 13ஆம் விதி, மூத்தவர்களின் வாக்குமூலத்தை எழுதி எடுத்தால் அதையும் சான்றாக ஏற்கிறது. கோரிக்கை வைப்பவர் அல்லாத மூத்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நோட்டும் பேனாவும் பொறுமையும் உள்ள எந்த மாணவரும் செய்யக்கூடிய வேலை.

போன மாதம் மரக்காணம் பக்கத்தில் அப்படி ஒரு பாட்டியிடம் உட்கார்ந்தோம். வயது கேட்டால் தெரியாது என்றார். எத்தனை வருடமாக இங்கே நண்டு பிடிக்கிறீர்கள் என்று கேட்டோம். சிரித்தார். பிறகு கரையைக் காட்டி வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்: தையில் எந்தப் பக்கம் தண்ணீர் வடியும், எந்தச் சேற்றில் கால் வைக்கக் கூடாது, முட்டை நண்டு வந்தால் ஏன் திருப்பி விடுவார்கள், அவர் மாமியார் எந்த மடையில் கூடையைக் கழுவுவார், எந்த வருடத்து வெள்ளத்தில் அந்த மடை உடைந்தது. நாங்கள் எழுதிக்கொண்டே இருந்தோம். ஏழாம் பக்கத்தில் நிறுத்தி, "இதையெல்லாம் யாரு படிப்பாங்க?" என்று கேட்டார். கலெக்டர் படிக்க வேண்டும் பாட்டி என்றோம்.

"அப்போ அந்த மடையையும் எழுதிக்க. அதுக்கு எங்க மாமியா பேருதான்."